பேர் சொல்லிப் போட்ட பாட்டு

மாமாவின் றேடியோக் கண்ணாடியில் மூன்று சிவப்புப் பொட்டுகள் இருந்தன. மாமியின் நகப்பூச்சால் வைத்தவை. ஒன்று கொழும்பு, அடுத்தது திருச்சி, கடைசி சென்னை விவித பாரதி. பகல் முழுக்க முள் கொழும்புப் பொட்டிலேயே நிற்கும். பொழுது பட்டு, உட்துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் விளக்கு ஏறத் தொடங்கியதும் மாமா குமிழைத் திருகி மற்ற இரண்டையும் தேடுவார். எழுபதுகளில் திருகோணமலையில் வளர்ந்த எனக்கு இலங்கையும் இந்தியாவும் அந்தக் கண்ணாடியில் ஒரு விரற்கடை தூரத்தில்தான் இருந்தன.

பகலுக்குக் கொழும்பு, இரவுக்கு இந்தியா என்பது மாமா வகுத்த ஒழுங்கல்ல. மத்திய அலை பகலில் தரையையும் கடலையும் ஒட்டித்தான் ஓடும். மேலே எழும் பங்கை அயனி மண்டலத்தின் கீழ்ப்படலம் உறிஞ்சிவிடும். வெயில் இறங்கியதும் அந்தப் படலம் கலைந்துவிட, அலை இன்னும் உயரத்தில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீற்றர் தள்ளியும் வந்து விழும். உப்புக் கடல்மேல் ஓடும் அலைக்குப் பகலிலும் தேய்வு குறைவு. தென் தமிழ்நாட்டுக் கரையோரம் பட்டப்பகலில் இலங்கை வானொலி அடுத்த தெருவில் பாடுவதுபோலக் கேட்டதற்கு இந்தக் கடலும் ஒரு காரணம்.

மற்றக் காரணம் அரசாங்கம். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாட்டைத் தரம் குறைந்ததென்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடத்தைச் சுருக்கினார். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையோ 1950இலேயே தொடங்கியிருந்தது. சென்னையில் பிறந்த பாட்டு இசைத்தட்டாகக் கொழும்புக்கு வந்து, அலையாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனது. இந்தியில் அமீன் சயானியின் பினாக்கா கீத் மாலாவும் 1952இல் இலங்கை வானொலியில்தான் ஒலிக்கத் தொடங்கியது. 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்தபோது தமிழ்நாட்டு நேயர்களின் காது இலங்கை வானொலி அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனனின் குரலுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது.

இவ்வளவும் பலர் எழுதிய கதை. எனக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் சின்ன விஷயம். ஒரு நல்ல பாட்டைக் கேட்டவர் அதை இன்னொருவரிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்? அதில் இரண்டு கரைக்கும் குணம் வேறு என்பது நீண்ட நாளாக என் மனதில் இருக்கும் எண்ணம்.

எங்கள் வீட்டில் வானொலிப் பிறந்தநாள் வாழ்த்துக்கு அட்டை எழுதுவது குடும்பக் காரியம். ஒரு மாதத்துக்கு முன்பே அம்மம்மா நினைவூட்டத் தொடங்குவா. சாப்பாடு முடிந்து, பாயை விரித்து, தபாலட்டையை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்காருவோம். அட்டை சிறிது, உறவு பெரிது. "பெரியப்பான்ர பேரை முதல் போடு. பிறகு அந்தாள் முகத்தைத் தூக்கி வைச்சிருப்பார்" என்பா அம்மம்மா. மூதூரிலிருக்கும் சித்தி, சீனன்குடாவில் வேலைசெய்யும் மாமா, கொழும்பில் படிக்கும் அண்ணா, இன்னும் பிறக்காத ஆனால் பெயர் வைத்தாகிவிட்ட ஒரு குழந்தை. அக்கா நுணுக்கி நுணுக்கி எழுதுவா. வரிகள் அடியை எட்டியதும் அட்டையைத் திருப்பி ஓரமாக மேலேறும். கடைசிப் பெயர் முத்திரையை முட்டிக்கொண்டு நிற்கும். பாட்டின் பெயரை எழுத இடமே இராது. நிலையம் ஏதாவது ஒன்றைத் தெரிந்து போடட்டும் என்று விட்டுவிடுவோம்.

எட்டாவது பிறந்தநாளில் என் பெயர் வந்தது. அறிவிப்பாளர் அந்த நீண்ட பட்டியலை மூச்சு முட்டாமல் வாசித்து முடிக்கும்வரை வீட்டில் ஒருவரும் அசையவில்லை. தன் பெயர் வந்த இடத்தில் ஒவ்வொருவர் முகமும் மலர்ந்து அடங்கியது. அதன்பின் வந்த பாட்டை அன்று நான் சரியாகக் கேட்கக்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அது என்னுடையதாகிவிட்டது. எங்கே அது ஒலித்தாலும், "உன்ர பாட்டு போகுது, ஓடி வா" என்று யாராவது கூப்பிடுவார்கள். தெருவில் சைக்கிளில் போகும் நண்பன்கூட வேலிக்கு மேலால் சொல்லிவிட்டுப் போவான். சித்தி இன்று கனடாவில் இருக்கிறா. அந்தப் பாட்டு காதில் விழுந்தால் நேரம் காலம் பாராமல் போன் எடுப்பா. எடுத்து, பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டா. "சாப்பிட்டனியா?" என்று கேட்பா.

இந்தியாவில் பெயர் வாசிக்கவில்லையா? வாசித்தார்கள். அதில் எங்களைத் தோற்கடித்த ஊரே அங்கே உண்டு. இன்றைய ஜார்க்கண்டில், மைக்காச் சுரங்கங்களுக்கு நடுவிலிருக்கும் ஜும்ரி தலையா. அந்தச் சிறிய நகரத்து நேயர்கள் ஒருவரோடொருவர் போட்டி போட்டு இலங்கை வானொலிக்கும் விவித பாரதிக்கும் விருப்பக் கடிதங்களை அனுப்பிக் குவித்தார்கள். நாளுக்கு நாள் அந்தப் பெயரைக் கேட்ட வட இந்தியர்களில் பலர், அப்படியோர் ஊரே கிடையாது, யாரோ புனைந்து எழுதுகிறார்கள் என்றுகூட நினைத்தார்கள். தமிழ்நாட்டிலும் சிற்றூர்தோறும் வானொலி நேயர் மன்றங்கள் இருந்தன. அவற்றின் உறுப்பினர்கள் வெளிநாட்டுத் தபாலுக்குரிய முத்திரை ஒட்டிக் கொழும்புக்கும் எழுதினார்கள்.

ஆனால் அங்கே வாசிக்கப்பட்டவை பெரும்பாலும் அந்தப் பாட்டை விரும்பியவர்களின் பெயர்கள். இத்தனை பேருக்கு இது பிடித்திருக்கிறது என்று ஊரறியச் சொல்வது அது. எங்கள் அட்டையில் இருந்தவர்களுக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அங்கே பெயர் வாக்கு, இங்கே பெயர் விலாசம்.

விலாசமிட்டு அனுப்புவதில் அன்பு இருக்கிறது. ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. உறவுக்கு அனுப்பும் பாட்டு எல்லோருக்கும் முன்பே தெரிந்த பாட்டாக இருக்கத்தான் மனம் விரும்பும். புதிதாக ஒன்றைக் கண்டெடுத்து, "இதைக் கேட்டுப் பார்" என்று நீட்டும் துணிவு அதில் குறைவு. எங்களுக்கு அந்தத் துணிவைத் தந்தது கிற்றார்.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது கிற்றாரோடு ஈழத்துப் பொப் பாடல் எழுந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் நாடறிந்த பெயர்கள். எங்கள் ஊர்க்காரர் பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள். துறைமுக ஊருக்கு அந்தத் தாளம் அந்நியமாகப் படவில்லை. பாலையூற்றுப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா இசைக்கு ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்த பிள்ளைகள் நாங்கள். இந்த ஊர்ப் பையன்களின் பாட்டு வானொலியில் போனபோது முதல்முறையாக நாங்கள் யாருடைய பிறந்தநாளுக்கும் அல்லாமல், பாட்டுக்காகவே ஒருவரையொருவர் தேடிப் போய்ச் சொன்னோம். மனோகரனின் "சுராங்கனி" பிறகு கடல் தாண்டி இந்திய மொழிகள் சிலவற்றிலும் பாடப்பட்டது. தமிழ்நாட்டு நண்பர்கள் சிலர் அதை அங்கே பிறந்த பாட்டென்றே நம்புகிறார்கள்.

கசெற் வந்தபின் பழக்கம் சற்று மாறியது. அங்கே ரெக்கார்டிங் சென்டர், இங்கே றெக்கோடிங் பார். இரண்டிலும் துண்டுக் கடதாசியில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடைக்காரர் பட்டியலைப் பார்த்து, "இதே ராகத்துல ராஜா இன்னொண்ணு போட்டிருக்காரு, சேர்த்துக்கவா?" என்று கேட்பாராம். மதுரை நண்பர் ஒருவர் இதை இன்றும் நன்றியோடு சொல்கிறார். எங்கள் கடைக்காரர் ராகம் கேட்கமாட்டார். "ஆருக்கு அனுப்புறீங்கள்?" என்று கேட்பார். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு ஒரு பக்கம் பாட்டும் மறுபக்கம் வீட்டார் பேச்சுமாகக் கசெற்றுகள் போன காலம் அது. தமிழ்நாட்டிலும் அப்படிப் போயிருக்கின்றன. பிரிவு வந்த இடத்தில் இரண்டு கரையும் ஒன்றாகவே நடந்துகொண்டது.

நேரில் கேட்கும் இசைக்கு வந்தால் வேறுபாடு இன்னும் ஆழமாகத் தெரிகிறது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. மார்கழி சீசன் அங்கிருந்து வளர்ந்தது. நான் மூன்று மார்கழிகள் சென்னையில் கேட்டிருக்கிறேன். அந்த ரசிகர்களின் காதுக்கு முன் தலை வணங்குகிறேன். பாடகர் இரண்டு சுரம் பிடிப்பதற்குள் ராகம் இன்னதென்று பக்கத்து இருக்கைக்குப் போய்விடுகிறது. இடைவேளையில் கன்ரீனில் காப்பியும் கையுமாக, போன வருடம் இதே காம்போதியை இன்னார் எப்படி விரித்தார் என்று ஒப்பிடுகிறார்கள். முப்பதுகளில் ஆனந்த விகடனில் கல்கி "கர்நாடகம்" என்ற பெயரில் எழுதிய ஆடல் பாடல் பகுதியும், பின்னாளில் சுப்புடுவின் விமர்சனமும் இந்தக் காதைப் பழக்கியிருக்கின்றன. ஒரு கச்சேரி முடிந்த மறுநாள் அதைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது பெரிய கொடை.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் விட்டதும் அரங்கில் பலர் எழுந்து வெளியே போனார்கள். நம் ஊரில் அந்த நேரத்துக்காகத்தான் சனம் வந்திருக்கும்.

திருகோணமலைக் காளி கோயில் திருவிழா இரவு ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு கூட்டம் மேளம். சுவாமி வீதி சுற்றி வந்து நின்றதும் நாதஸ்வரம் ஒரு கீர்த்தனையை முடித்துத் தவிலுக்கு வழிவிட்டது. நான்கு தவில்காரர்கள் எதிரெதிராக. வலக்கை விரல்களில் பசை தோய்த்து இறுகிய துணிக்கூடுகள், இடக்கையில் கழி. ஒருவர் கேட்பதுபோல ஒரு சொற்கட்டை வைக்க, எதிரிலிருப்பவர் அதையே வாங்கிப் பாதியாக மடித்துத் திருப்பிக் கொடுக்கிறார். எனக்குப் பக்கத்தில் மீன்வாடியில் வேலைசெய்யும் ஒரு முதியவர். பழக்கமில்லாதவர். என் கையை இழுத்துத் தன் தொடைமேல் வைத்துத் தாளம் போடத் தொடங்கினார். எங்கோ நான் ஒரு எண்ணிக்கை தவறவிட, நிமிர்ந்து பாராமலே என் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார். சமத்தில் நால்வரும் ஒன்றாக வந்து விழுந்தபோது "ஆ!" என்று எழுந்த சத்தத்தில் யாருடைய குரல் எதுவென்று தெரியவில்லை. தாளக் கணக்கை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. அன்றிரவு அந்தத் தொடையில்தான் படித்தேன்.

நாதஸ்வரமும் தவிலுமாக நடக்கும் இந்தச் 'சமா'தான் எங்கள் சபா. யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி இப்படியான கோயில் வீதிகளில் கேட்டு, வாசித்து வளர்ந்துதான் தமிழ்நாட்டு வித்துவான்களும் வியக்கும் தவில் மேதையானார். 1975இல் அவர் மறைந்தபோது வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது. அவரைக் கேட்டவர்கள் எனக்குச் சொன்னார்கள். அவர்களிடம் கேட்டதை நான் என் மருமக்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பகிர்வு இவ்வளவுதான், வாயிலிருந்து காதுக்கு. சென்னையில் ஒரு சராசரிக் கச்சேரிக்கும் அச்சில் நான்கு வரி கிடைத்திருக்கிறது. விடிய விடிய நடந்த எங்கள் சமாக்களுக்கு அந்த நான்கு வரி அரிதாகவே கிடைத்தது. அருகிலிருப்பவருக்குக் கொடுத்துவிட்டோம், அது போதுமென்று இருந்துவிட்டோம்.

பிறகு போர் வந்தது. ஊரடங்கு இரவைப் பிடுங்கிக்கொண்டது. திருவிழாக்கள் பொழுது படுமுன் முடிந்தன. சமா அரை மணித்தியாலமாகச் சுருங்கியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் கையால் மிதியைச் சுழற்ற, டைனமோவின் மின்னில் மற்றவர்கள் வானொலி கேட்டார்கள். ஒரு பாட்டைப் பகிர்வதற்கு அவ்வளவு உடல் உழைப்பு வேறெங்கும் தேவைப்பட்டிருக்குமா என்று தெரியவில்லை. கேட்டவர்கள் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். தங்கள் நினைவிலிருந்த சமாக்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆகவே இப்போது சென்னைப் பழக்கம் ஒன்றைக் கடன் வாங்கியிருக்கிறேன். சின்னக் கொப்பி ஒன்றோடு திரிகிறேன். எண்பதைத் தாண்டியவர்களின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, எந்தக் கோயில், எந்தத் திருவிழா, யார் நாதஸ்வரம், யார் தவில், என்ன வாசித்தார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். ஆண்டு பலருக்கு நினைவில்லை. ராகத்தின் பெயர் சிலருக்குத் தெரியாது, வாயால் பாடிக் காட்டுகிறார்கள். நான் குறித்துக்கொண்டு, தெரிந்தவரிடம் போய்க் கேட்டுப் பெயரை நிரப்புகிறேன்.

போன மாதம் உவர்மலையில் ஒரு முதியவரிடம் போயிருந்தேன். கண் பார்வை போய்விட்டது. நான் கேட்ட அந்தக் காளி கோயில் இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். நன்றாக இருந்ததா என்று கேட்கவில்லை, யார் வாசித்தது என்றும் கேட்கவில்லை.

"நீ எவடத்தில இருந்து கேட்டனீ?"

"தேர்முட்டிப் பக்கம், ஐயா."

"அப்ப கடல் காத்து பின்னால வந்திருக்கும்" என்றார். "நான் கிணத்தடியில. கழிச் சத்தம்தான் தெளிவாக் கேட்டது. வலந்தலையில என்ன வாசிச்சவங்கள், சொல்லு."

கொப்பியை மூடி வைத்துவிட்டு அவர் கட்டிலின் சட்டத்தில் விரலால் தட்டத் தொடங்கினேன்.