உள்ளே வந்தவர் ஊழியர்தானா?

அலுவலகத்துக்கு நேரில் வரும் ஊழியரை உடன் பணிபுரிவோர் முகம் கண்டே அறிந்துகொள்வர். தொலைவிலிருந்து பணிபுரிபவரோ ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற அலுவல் உரையாடல் செயலிகளில் ஒரு பெயராகவும் சிறு படமாகவுமே மற்றவர்களுக்குத் தெரிகிறார். அப்பெயருக்கு உரியவர்தாம் பேசுகிறார் என உறுதிசெய்யப் பல நிறுவனங்கள் இரண்டு ஏற்பாடுகளை இணைத்துக் கையாள்கின்றன. மின்னஞ்சல், கோப்புகள், உரையாடல் செயலி அனைத்துக்கும் ஒரே இடத்தில் அடையாளம் காட்டி நுழைவது ஒற்றை உள்நுழைவு. கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் ஓடிபி போன்ற வேறொரு சான்றையும் கேட்பது பல்காரணிச் சரிபார்ப்பு.

ஒற்றை உள்நுழைவின் பயன் ஊழியர் பணியில் சேரும்போது தெரிவதைவிட அவர் விலகும்போதே நன்கு தெரியும். ஒரு கணக்கை முடக்கினால் எல்லா வாயில்களும் ஒருசேர அடைபடுகின்றன. விலகியவர் உரையாடல் குழுக்களில் மாதக்கணக்கில் மறந்துவிடப்பட்ட உறுப்பினராக நீடிப்பதில்லை. (அவர் கைப்பேசியில் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வையும் துண்டித்தால்தான் இது முழுமையாகும்.)

பல்காரணிச் சரிபார்ப்பை அவ்வளவு எளிதாகப் பாராட்டிவிட முடியாது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணாயினும், போலி உள்நுழைவுப் பக்கத்தில் ஊழியர் அதைத் தட்டச்சு செய்த கணமே மோசடியாளர் உண்மையான பக்கத்தில் இட்டுவிடலாம். எண்ணுக்குப் பதிலாக 'ஒப்புதல்' பொத்தானை அழுத்தச் சொல்லும் முறையில், கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பி ஊழியரைச் சலிப்படையச் செய்தாலே போதும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் அவ்வாறு வந்த கோரிக்கைகளுள் ஒன்றை ஏற்றுக்கொண்டதால் ஊடுருவல் நிகழ்ந்தது. ஊடுருவியவர் அந்நிறுவனத்தின் ஸ்லாக்கில் தம் செயலைத் தாமே அறிவித்தும், ஊழியர் சிலர் அதை வேடிக்கை என்றே கருதினர் எனச் செய்திகள் தெரிவித்தன. அதே ஆண்டு ஜூலையில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் மூன்று ஊழியர்கள் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை அளித்தபோதும் தாக்குதல் தோற்றது. அங்கு வழங்கப்பட்டிருந்த வன்பொருள் சாவி, அதாவது கணினியில் செருகப்படும் சிறு கருவி, தளத்தின் உண்மையான முகவரியோடு பிணைக்கப்பட்ட விடையையே தருமாதலால் போலிப் பக்கத்தால் அதைப் பயன்படுத்த இயலவில்லை.

எனினும் இம்முறைகள் அனைத்தும் நுழையும் கணத்தை மட்டுமே காக்கின்றன. நுழைந்தபின் உலாவியில் தங்கும் குக்கீ என்னும் சிறு தரவே அடையாளச் சீட்டாகிவிடுகிறது. அதைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, சாவியும் தேவையில்லை. 2021இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தின் ஸ்லாக்கில், 10 டாலருக்கு வாங்கிய குக்கீயைக் கொண்டு நுழைந்ததாக ஊடுருவியவர்கள் தரப்பில் ஊடகத்திடம் கூறப்பட்டது. அதைவிடக் கவனிக்கத்தக்கது அடுத்த செயல்: விருந்தொன்றில் கைப்பேசி தொலைந்துவிட்டது என்று தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு அந்த ஸ்லாக்கிலேயே செய்தி அனுப்பி, உள் வலையமைப்பில் நுழைவதற்கான சான்றையும் பெற்றுக்கொண்டனர்.

உரையாடல் செயலியை மின்னஞ்சல், கோப்புகள் போன்ற சேவைகளோடு ஒன்றாக எண்ணி அதே வாயிற்சோதனையோடு விட்டுவிடுவதே இந்நடைமுறையின் அடிப்படைக் குறை எனலாம். தொலைவுப் பணியில் ஊழியர்கள் ஒருவரையொருவர் நம்புவதே அச்செயலிக்குள்தான் என்பதால், அங்கு வந்து சேர்ந்த பெயர் அடுத்த சான்றைப் பெறுவதற்கான சான்றாகத் தானே மாறிவிடுகிறது.

வன்பொருள் சாவியை எல்லோருக்கும் கொடுத்தாலும் இக்குறை தீராது. சாவி தொலையும், தொலைத்தவர் உதவிப் பிரிவையே நாடுவார். காணொளியில் முகம் பார்த்து முடிவுசெய்வதும் இனி உறுதியற்றது என்பதை, போலிக் காணொளிக் கூட்டத்தை நம்பி அரூப் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஏறக்குறைய 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிய 2024ஆம் ஆண்டு நிகழ்வு காட்டிற்று. ஆகவே, சான்றை மீட்டுத் தரக் கோரும் வேண்டுகோளை உரையாடல் செயலியில் ஏற்காமல், பணிப்பதிவேட்டில் முன்னரே உள்ள எண்ணுக்கு உதவிப் பிரிவே அழைப்பதும், அந்த எண்ணும் பயன்படாதபோது ஊழியரின் மேலாளர் பொறுப்பேற்று உறுதிசெய்வதும் தேவைப்படுகின்றன. இவ்வழி மெதுவானது, நள்ளிரவில் கைப்பேசியை இழந்த நேர்மையான ஊழியர் மறுநாள் வரை வேலையின்றிக் காத்திருக்க நேரும். அந்தத் தாமதத்தை அனுமதிக்கும் அதிகாரம் உதவிப் பிரிவுக்கு அளிக்கப்படாத நிறுவனத்தில், விதி எழுதப்பட்டிருந்தாலும் அவசரமாகக் கேட்பவருக்கே சான்று கிடைத்துக்கொண்டிருக்கும்.