ஐந்து ஸ்வரங்களும் நகரும் தரையும்

கிட்டார் ஸோலோ பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. கார்டு மாறும்போதெல்லாம் ஸ்வரக் கோவையும் மாறியாக வேண்டும் என்பது ஒன்று. பென்டடானிக் என்கிற ஐந்து ஸ்வரக் கோவை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்விடலாம், தப்பே வராது என்பது இன்னொன்று. முன்னது இலக்கணக்காரர்களுடையது, பின்னது சோம்பேறிகளுடையது. காது என்று ஒன்று இருப்பதை இருவருமே பொருட்படுத்துவதில்லை.

தப்பு வராது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஏ மைனரின் ஏழு ஸ்வரங்களில் பக்கத்து ஸ்வரத்தோடு அரை ஸ்வர தூரத்தில் நின்று உரசுகிற பி, எஃப் இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏ, சி, டி, இ, ஜி. நம் காதுக்கு இது சுத்த தன்யாசி. ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்தால் ஐந்தும் ஒரு பெட்டிபோல் கைக்குள் அடங்கிவிடுகின்றன. கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் குடியேறுவது இந்தப் பெட்டியில்தான். பலர் காலி செய்வதே இல்லை.

நமக்கு ஔடவ ராகம் புதிதல்ல. ஆனால் நம் தம்புரா நகர்வதில்லை. ஸட்ஜம் ஓரிடத்தில் நிற்க, மற்ற ஸ்வரங்கள் அதனோடு தம் உறவைக் கடைசிவரை காப்பாற்றுகின்றன. கார்டு சங்கீதத்தில் தரையே நகர்கிறது. ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்கும்போதே அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. கிரக பேதம் நம்மிடம் ஒரு வித்வான் எப்போதாவது செய்து காட்டுகிற சாமர்த்தியம். இங்கே அது கணத்துக்குக் கணம், கேட்பவனிடம் சொல்லாமல் நடக்கிறது.

லெட் ஸெப்பலின் 1971இல் வெளியிட்ட 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டில் ஜிம்மி பேஜ் வாசிக்கும் ஸோலோவை எடுத்துக்கொள்ளலாம். அடியில் ஏ மைனர், ஜி, எஃப் என்று மூன்று கார்டுகள் திரும்பத் திரும்ப இறங்குகின்றன. மேலே பெரும்பாலும் அந்த ஐந்து ஸ்வரங்களே. ஏ மைனரின் மேல் சி அந்தக் கார்டின் சோகத்தையே நிர்ணயிக்கும் காந்தாரம். ஜியின் மேல் அதே சி மத்யமமாகி, எங்காவது போய் இறங்கத் தவிக்கிறது. எஃப் வந்ததும் பஞ்சமமாகி அமர்ந்துவிடுகிறது. ஜியை ஸட்ஜமாகக் கொண்டால் கோவை முழுதும் சுத்த ஸாவேரி. எஃப்பின் மேலோ விசித்திரம்: ஐந்தில் ஸட்ஜமே கிடையாது. ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் எல்லாம் இருக்கின்றன, வீட்டுக்காரன் மட்டும் இல்லை.

பேஜ் இதைக் கேட்டிருக்கிறார். எஃப் கார்டு வரும் இடத்தில் பெட்டிக்கு வெளியே கையை நீட்டி, எஃப் என்ற அந்த ஆறாவது ஸ்வரத்தையே எடுத்து வைக்கிறார். மூன்று கார்டுக்கு மூன்று கோவை என்று அவர் ஓடவில்லை; வேண்டிய இடத்தில் வேண்டிய ஒன்று. இந்த ஸோலோவை விரல் பிசகாமல் நகலெடுக்கிற பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த எஃப் எதற்கு என்று கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள்.

ப்ளூஸில் விஷயம் இன்னும் சிக்கல். பன்னிரண்டு பார் ப்ளூஸை ஏயில் வாசித்தால் கார்டுகள் ஏ ஸெவன், டி ஸெவன், இ ஸெவன். ஏ ஸெவனுக்குள் சி ஷார்ப் இருக்கிறது. வாசிப்பவனோ அதன்மேல் சியை வைக்கிறான். இலக்கணப்படி மோதல். தந்தியைக் கொஞ்சம் தள்ளி, சிக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில், எந்த ஃப்ரெட்டிலும் இல்லாத ஓரிடத்தில் அவன் அதை நிறுத்துகிறான். ப்ளூஸின் உயிர் அந்த நடுவிடத்தில்தான். அடுத்து டி ஸெவன் வருகிறது. சி இப்போது அந்தக் கார்டுக்குச் சொந்தமான ஸ்வரம், தள்ளத் தேவையில்லை. எங்கே தள்ளுவது, எங்கே விடுவது என்பது கேட்கிறவனுக்கு மட்டுமே தெரியும். தமக்குக் கார்டு வாசிக்க வராது என்று சொல்லிக்கொண்ட பி.பி. கிங், கார்டு மாறுவதை ஒரே ஒரு ஸ்வரத்தால் உணர்த்திவிடுவார். கார்டு ஒவ்வொன்றுக்கும் கோவை மனனம் செய்தவர்களிடம் இதை நான் அதிகம் கேட்டதில்லை. (சொற்களைக் குறைத்துக்கொண்டாலே கவிதை செறிந்துவிடும் என்று நம்மில் சிலர் எண்ணுவதும் இந்தப் பெட்டிவாசம்தான். குறைத்த சொல் எதன்மேல் நிற்கிறது என்பதல்லவா கேள்வி?)

எல்லை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜான் கோல்ட்ரேன் 1959இல் பதிவு செய்த 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பி, ஜி, இ ஃப்ளாட் என்று மூன்று தூரத்து ஸட்ஜங்களுக்கிடையே மிக வேகமாகத் தாவுகிறது. பியின் ஐந்தை ஜி கார்டின்மேல் வைத்தால் அபஸ்வரம் தவிர வேறில்லை. கோல்ட்ரேன் அங்கே பல கார்டுகளுக்கு அந்தந்தக் கார்டின் ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம் என்று நாலே ஸ்வரங்களைக் கொடுத்துக்கொண்டு போகிறார். மோகனத்தில் தைவதம் மட்டும் இல்லை. ஐந்து போதாத இடத்தில் ஏழுக்குப் போகாமல் நாலுக்கு இறங்கியிருக்கிறார்.