மயக்கத்தின் வம்சாவளி

தமிழ் சினிமாவில் ஆண் நெஞ்சைப் பிடித்தால் மாரடைப்பு. பெண் மயங்கி விழுந்தால், நாடி பிடித்துப் பார்த்துவிட்டு நல்ல செய்தி சொல்வார்கள். சிரித்துக் கடந்த இந்தக் காட்சியை, என் அத்தையின் பழைய ஓ.பி. சீட்டுகளைப் படித்தபோதுதான் மறுபடி யோசித்தேன்.

திருவையாறு பக்கம் நடவு வயலில் இரண்டு முறை நினைவிழந்து விழுந்தவர் அவர். முதல் சீட்டில் 'ரத்தசோகை'. இரண்டாவதில் 'பதற்றம்'. ஊரில் 'காத்துக் கருப்பு'. மூன்றும் ஒரே வாசிப்புதான்: பெண் உடம்பு என்றால் பலவீனம், இல்லாவிட்டால் பயம். மூன்றாம் முறை விழுந்த பிறகுதான் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். க்யூ-டி இடைவெளி மிக நீண்டிருந்தது.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்னூட்டம் பெற்று, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம் அது. அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகும். மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுவார். பார்ப்பவருக்கு வலிப்பு போலவும் தோன்றும். பருவமடைந்த பெண்களுக்கு இந்த இடைவெளி இயல்பிலேயே ஆண்களைவிடச் சற்று நீளம். இதய மருந்துகளால் இப்படித் தாளம் தவறிய 332 பேரைப் பற்றி 1993இல் வந்த ஆய்வில் 70 விழுக்காட்டினர் பெண்கள். பயம் என்று ஒதுக்கப்பட்டதற்கு உடலில் காரணம் இருந்தது.

அந்தக் காரணம் மருந்தா, பொட்டாசியக் குறைவா, பரம்பரையா என்று பிரித்தறிய வேண்டும். "குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா?" என்று மருத்துவர் கேட்டார். அப்பா இல்லை என்றார். அவர் பங்காளிகளை மட்டும் எண்ணிப் பார்த்திருந்தார். கட்டிலில் கிடந்த அத்தைதான் சொன்னார்: "நீச்சல் தெரிஞ்ச எங்க அக்கா குடமுருட்டில போனாளே, அது கணக்குல வராதா?"

பரம்பரை க்யூ-டி நோயின் ஒரு வகையில் நீச்சலே தாளம் தவறத் தூண்டுகோல். பெரியத்தையை ஆறு கொண்டுபோனது என்றே இத்தனை காலம் சொல்லிவந்தோம். அவருக்கு ஈ.சி.ஜி. கிடையாது, கதை மட்டும் உண்டு. நோயறிய அந்தக் கதையும் வேண்டியிருந்தது.

இந்தக் கோளாறு பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு இறங்குகிறது. மகன், மகள் என்று பார்ப்பதில்லை. பார்ப்பது நம் வம்சாவளிதான். கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயர் அதில் நின்றுபோகிறது. கூடவே நோயின் தடயமும்.

கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வாழ்க்கைப்பட்ட அத்தை மகள்கள் இருவருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தோம். ஒருத்திக்கு நீண்டிருந்தது. அவள் இப்போது பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாள். எந்தப் புது மாத்திரை எழுதினாலும், தன் க்யூ-டி பற்றி முதலில் சொல்லிவிடுகிறாள்.