நூல் முப்பது, தலை ஒன்று

சீனாவின் குவான்சோ நகரத்துக் கயிற்றுப் பொம்மைக் குழுவுக்குப் பேர் வாங்கித் தந்த ஆட்டம் 'குடிபோதையில் சோங் குய்'. பேய்களை அடக்குகிற சாமிக்கே போதை தலைக்கேறிவிடுகிறது. பொம்மை மதுக்குடுவையைத் தூக்கும், கிண்ணத்தில் ஊற்றும், அண்ணாந்து குடிக்கும், தள்ளாடும். ஒரு பொம்மைக்குப் பதினாறு நூலுக்குக் குறையாது. முப்பதைத் தாண்டுவதும் உண்டு. பாவில் ஓர் இழை அறுந்தாலே கண் அங்கே போய்விடும் பள்ளிபாளையத்துத் தறிக்காரருக்கு, முப்பது நூலைச் சிக்காமல் ஆட்டுவது என்ன வித்தை என்று விளக்கவே வேண்டாம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் இந்தப் பொம்மைகள் ஆடின. அவ்வளவு பெரிய மைதானத்தில் கேமரா மட்டும் இல்லாவிட்டால் அந்த விரல் வேலை யார் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்?

நம் பொம்மலாட்டத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய மரப்பொம்மை நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை வரை வரும். ஆட்டக்காரர் தலையில் இரும்பு வளையம். அதில் தொங்கும் நூல்கள் பொம்மையைத் தாங்க, கைகளைக் கம்பியால் இயக்குகிறார். அதனால் மிருதங்கம் வேகமெடுத்தால் அவரும் ஆடியே ஆகவேண்டும். கழுத்து சொடுக்கினால் பொம்மை சொடுக்கும். நுணுக்கத்தில் குவான்சோ முன்னால் நிற்கிறது. தாளத்தில் எனக்கு நம்முடையதுதான் ஒசத்தி. பத்துக் கிலோவைத் தலையில் கட்டிக்கொண்டு ஜதிக்கு ஆடுவதற்குத் தனி மதிப்பெண் போடவேண்டும்.

நம் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்று குவான்சோவுக்கு ஆடப் போனால், ஒருநாள் முழுக்க ஊர் சுற்ற விடவேண்டும். முதலில் கைய்யுவான் கோயில். பெரிய மண்டபத்தின் பின்புறத் தூண்களில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார், கண்ணன் இரட்டை மரங்களுக்கு நடுவே நிற்கிறான். இடிந்துபோன சிவன் கோயிலின் கற்கள் அவை. அந்த ஊரில் வணிகம் செய்த தமிழர்கள் 1281இல் வெட்டிய கல்வெட்டில் சம்பந்தப் பெருமாள் என்ற பேர் இருக்கிறது. அதே மண்டபத்துக்குள் தூண் உச்சியில் வாத்தியமும் பிற பொருள்களும் ஏந்திய இருபத்துநாலு மரப் பெண்கள், இறக்கையோடு. மிருதங்கக்காரரை அங்கிருந்து கிளப்புவது சிரமம்தான்.

நாம் உண்மையில் பின்தங்குவது அடுத்த வரிசை ஆட்டக்காரர்களில். குவான்சோ இருக்கும் ஃபூஜியான் மாகாணம் 2008 முதல் 2020 வரை திட்டம் போட்டு, பாடப்புத்தகம், பயிற்சி நிலையம், மேடை, காட்சிக்கூடம் என்று இளைய பொம்மலாட்டக்காரர்களை உருவாக்கியது. நல்ல பாதுகாப்பு முறை என்று 2012இல் யுனெஸ்கோவும் பதிவு செய்துகொண்டது. இங்கேயோ அப்பன் தலையிலிருந்து மகன் தலைக்கு வளையம் மாறினால்தான் ஆட்டம். மகன் மில் வேலைக்குப் போய்விட்டால்? போனவனையும் குறை சொல்ல முடியாது. மாதம் பிறந்தால் அங்கே சம்பளம் வருகிறது.

இந்திய, சீனத் தலைவர்களின் 2019 மாமல்லபுரம் சந்திப்பில் தமிழ்நாட்டையும் ஃபூஜியானையும் இணைக்கும் பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு மறுபடி தொடங்கினால், அதிகாரிகளுக்குச் சீட்டுப் போடும் முன் நோம்பிக்கு நோம்பி விடிய விடிய ஆடுகிறவர்களுக்குப் போடுங்கள். கூடவே பதினாறு, பதினேழு வயதில் நாலு பேர். குவான்சோவின் பயிற்சிக்கூடத்தைப் பார்க்கவேண்டியவர்கள் அவர்கள்தான்.