'ராதர்' இருக்குமிடம்

'ராதர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தென் இங்கிலாந்துக்காரர் ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும். 'ரா' நீண்டு இழையும். நாக்கு நுனி பல்லைத் தொட்டு அதிர்ந்து விலகும். கடைசி ரகரம் ஒலிக்காமலே கரைந்துவிடும். பொருளும் அப்படியே அழுத்தாமல் இறங்கும். அறை 'ஃபேர்லி வார்ம்' என்றால் இதமான வெம்மை. 'ராதர் வார்ம்' என்றால் பெரும்பாலும், ஜன்னலைத் திறந்தால் தேவலை என்று பொருள். அதே சொல் 'குட்' என்பதன் முன்னால் வந்தாலோ, எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறதே என்ற மகிழ்ச்சி அதில் ஒளிந்திருக்கும். 'வெரி' கொட்டும் புகழ்ச்சியைவிட எனக்கு இந்த அளவான பாராட்டுதான் பிடிக்கும். 'பெட்டர்' போன்ற ஒப்பீட்டுச் சொல்லோடும் அது இணங்கி நிற்கும். 'ஃபேர்லி'யால் அது முடியாது.

எல்லாவற்றையும்விட அழகு, 'ஐட் ராதர் வாக்' என்பது. வண்டியில் ஏறச் சொன்னவர் மனம் நோகாது. நடக்கவே விருப்பம் என்பதும் தெளிவாகிவிடும். மறுப்பில் இவ்வளவு மென்மை வேறெந்தச் சிறு சொல்லுக்கும் எளிதில் வாய்க்காது. இப்படிச் சொல்லும்போது இடையில் 'டு' சேர்க்காதீர்கள். வினைச்சொல் நேராக வரட்டும்.