ஒட்டாத போஸ்டருக்கே விலை

போடியில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மலையில் விளைகிற காயும் ஏலம். அதை விலைபேசி விற்பதும் ஏலம். முன்னே வாய்விட்டுக் கூவினார்கள். இப்போது ஸ்பைசஸ் போர்டு ஏற்பாட்டில் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் காய் வரும். நிறம் பார்ப்பார்கள், பருமன் பார்ப்பார்கள், 8 மில்லிமீட்டரா 7 மில்லிமீட்டரா என்று பார்ப்பார்கள். அந்தக் காயை எடுக்க விடியுமுன்னே சிலமலையிலிருந்தும் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தும் ஜீப்பில் அடைந்துகொண்டு மேட்டுக்குப் போன பொம்பளையின் பெயர் அங்கே வராது. ஏலச்செடியின் தூரில்தான் காய் பிடிக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்தே எடுக்க வேண்டும். அந்த முழங்கால் வலிக்கு மில்லிமீட்டர் கணக்கு கிடையாது.

ஏலம் என்கிற ஏற்பாடே இப்படித்தான். பொருளைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் வைக்கும். அதைத் தொட்ட கைகளை இருட்டில் விட்டுவிடும். பழைய சினிமா போஸ்டர்களை ஏலம் விடுகிறவர்களிடமும், அவற்றைச் சேகரித்துக் கலை என்று கொண்டாடுகிறவர்களிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: கைகள் எங்கே?

இது சின்ன வியாபாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ (1927) என்ற ஜெர்மன் ஊமைப் படத்தின் போஸ்டர் ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்குக் கைமாறியது. பூமிக்கு அடியில் உழைத்துச் சாகிற தொழிலாளர்களைப் பற்றிய படம் அது. ‘டிராகுலா’ (1931) படத்தின் போஸ்டர் ஒன்றை டாலஸ் நகரத்து ஏலக் கம்பெனி 2017இல் 5,25,800 டாலருக்கு விற்றது. நம் நாட்டில் 2000இல் தொடங்கப்பட்ட ஓசியான் நிறுவனம் ஓவியங்களோடு சினிமா போஸ்டர்களையும் நடிகர்கள் உடுத்திய உடுப்புகளையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. 2002இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் இந்தி சினிமாவின் போஸ்டர்களையும் பேனர்களையும் வைத்துக் கண்காட்சி நடத்தியது. பம்பாய் சோர் பஜாரில் எடைக்குக் கிடந்த காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டது.

சரி, எந்தப் போஸ்டருக்கு விலை அதிகம்? ஏலக்காரர்களின் கணக்கு எளிமையானது. மடிப்பு இருக்கக் கூடாது. கிழிசல் இருக்கக் கூடாது. பசைக் கறை, தண்ணீர்க் கறை, ஆணி ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது. படம் முதன்முதலில் வந்தபோது அச்சடித்ததாக இருக்க வேண்டும். மறு ரிலீஸுக்கு அடித்தது என்றால் மதிப்பு இறங்கிவிடும். சுருக்கமாகச் சொன்னால், சுவரில் ஒட்டப்படாத போஸ்டருக்குத்தான் விலை. ஒட்டுவதற்கென்றே பிறந்த ஒரு பொருள், ஒட்டப்படாமல் இருந்தால்தான் உயர்ந்தது. கை படாமல், பசை படாமல், மழை படாமல் இருக்க வேண்டும். இந்த வார்த்தைகளை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோமே. படாமல் இருப்பதே உயர்வு என்கிற அழகியல் இந்த நாட்டில் எங்கிருந்து வருகிறது என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒட்டப்பட்ட போஸ்டரில் இன்னொரு விஷயம் உண்டு. மெட்ராஸில் படம் போட்டு, மதுரைக்கு வந்து, தேனி, போடி பார்த்து, கடைசியில்தான் கிராமத்து டூரிங் டாக்கீஸுக்குப் பெட்டி வரும். அப்போது போஸ்டரின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவார்கள். ‘இன்று முதல்’, ‘இன்றே கடைசி’, கொட்டகையின் பெயர், காட்சி நேரம். அந்தத் துண்டை ‘ஸ்லிப்’ என்போம். சேகரிப்பாளருக்கு ஸ்லிப் ஒரு குறை. படத்தின் மீது ஒட்டிய அழுக்கு. நமக்கோ அந்தக் கொட்டகை இருந்தது என்பதற்கு அந்தத் துண்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கீற்று போய்விட்டது, திரை போய்விட்டது, உட்கார்ந்த மணல் போய்விட்டது. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாரை எங்கே உட்காரவிடவில்லை என்று கேட்டால் பதில் சொல்லும் கிழவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

போஸ்டர் ஒட்டுகிற வேலை எங்கள் பக்கத்தில் யார் தலையில் விழுந்தது? எனக்குப் பெரியப்பா முறையுள்ள ஒருவர் போடித் தியேட்டர் ஒன்றுக்குப் பல வருஷம் ஒட்டினார். மைதாவைக் காய்ச்சி, மாடு நக்காமலிருக்க மயில்துத்தம் போட்டு, வாளியைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு ராத்திரி ஆட்டம் விட்ட பிறகு கிளம்புவார். துத்தம் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கும். பகலில் அவர் செருப்போடு நடக்க முடியாத தெருவிலும் ராத்திரி அவர்தான் ஒட்டியாக வேண்டும். ஒட்டியது விடிந்ததும் தெரிந்தால், “எவன்டா எஞ் சொவத்தத் தொட்டவன்?” என்று ஏச்சு. ஒட்டாமல் விட்டால் தியேட்டரில் கூலிபிடிப்பு. எம்.ஜி.ஆரை, சிவாஜியைச் சுவரில் ஏற்றிய கை சுவரைத் தொட்டதற்காகத் திட்டு வாங்கியது. இது எந்த ஏலப் பட்டியலில் வரும்?

அதற்கும் முந்தைய காலத்தில் மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேளமடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு போனார்கள். தட்டியில் ஒட்டிய போஸ்டர் தப்பிப் பிழைத்திருந்தால் இன்றைக்கு லட்சத்தில் கேட்பார்கள். முன்னால் நடந்து மேளமடித்தவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

இதில் ரசனைக்காரர்களின் இரட்டை வேஷம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சேரி வீட்டுச் சுவரில் நடிகர் படம் ஒட்டியிருந்தபோது அதைச் சினிமாப் பைத்தியம் என்றார்கள். இந்த ஜனங்கள் உருப்படாததற்கே போஸ்டர்தான் காரணம் என்று இடதுசாரிகளும் சொன்னார்கள், இலக்கியவாதிகளும் சொன்னார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி, ஏழைகள் ஏன் அந்த முகத்தை நம்பினார்கள் என்று ஆராய வேண்டியிருந்தது. அதே காகிதம் இன்று நகரத்து வீட்டு ஹாலில் சட்டம் போட்டுத் தொங்கும்போது அதற்கு ‘ரெட்ரோ’ என்று பெயர். எங்கள் சுவரில் இருந்தால் வியாதி, அவர்கள் சுவரில் இருந்தால் ரசனை. போஸ்டர் மாறவில்லை, சுவர்தான் மாறியிருக்கிறது.

எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் பாதியில் விட்டவர்களுக்கு எழுத்துக்கூட்டப் பழக்கியது போஸ்டர் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ‘அன்னக்கிளி’ (1976) வந்த பிறகு எங்கள் அடிவாரத்துப் பிள்ளைகள் போஸ்டரில் முதலில் தேடிப் படித்தது கதாநாயகன் பெயரை அல்ல. கூப்பிடு தூரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பெயரைத்தான். அவரை எந்த அடையாளத்துக்குள் வைக்கலாம் என்பது வேறு விவாதம். பெரிய எழுத்தில் அச்சடித்த அந்தப் பெயர் எங்களுக்கு ஏதோ சொன்னது. ஏலப் பட்டியல் நடிகரை வைத்து விலை போடுகிறது. நாங்கள் அதை வேறு கண்ணால் வாசித்தோம்.

ஒட்டியவர் கதை இப்படி என்றால் வரைந்தவர் கதையும் பெரிய மாற்றமில்லை. மெட்ராஸில் மோகன் ஆர்ட்ஸ் ‘வணங்காமுடி’க்கு (1957) வைத்த சிவாஜி கட்-அவுட்டை இன்னமும் பேசுகிறார்கள். கம்பெனியின் பெயர் நின்றது. கட்டம் போட்டுக் கொடுத்தவர், பின்னணி அடித்தவர், எழுத்து எழுதியவர், சாரம் கட்டி உச்சியில் ஏற்றியவர் பெயர்கள் நிற்கவில்லை. 2000களில் ஃப்ளெக்ஸ் வந்து அத்தனை பேரின் பிழைப்பையும் துடைத்துவிட்டது. படம் ஓடி முடிந்த பிறகு அந்த ஃப்ளெக்ஸ் நம் வீட்டுக் கூரையில் ஒழுகலுக்கு விரிக்கப்பட்டது. அதைச் சேகரிக்க இன்னும் யாரும் வரவில்லை.

பம்பாயில் சினிமா ஹோர்டிங் வரைந்து வயிறு கழுவியவர்தான் எம்.எஃப். ஹுசைன். அவர் 1954இல் வரைந்த ‘கிராம யாத்ரா’ 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 118 கோடி ரூபாய்க்கு மேல் போனது. அதே கை வரைந்த ஹோர்டிங்குகளில் கையெழுத்து கிடையாது. தெருவில் வரைந்தால் கூலி, கேன்வாஸில் வரைந்தால் கலை.

சட்டமும் இந்தக் கோட்டைத்தான் போட்டிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் 53ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓர் ஓவியத்தின் அசல் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், வரைந்தவருக்கோ அவர் வாரிசுக்கோ அதில் 10 சதவீதத்துக்கு மேற்படாத பங்கு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரைந்தவர் அந்த ஓவியத்தின் முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சொன்னவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. ஆக, கம்பெனிக்குக் கூலிக்கு வரைந்த போஸ்டர் ஓவியரின் பேரப்பிள்ளை, தாத்தாவின் ஓவியம் லட்சத்துக்குப் போவதை வேடிக்கை பார்க்கலாம். அச்சான போஸ்டருக்கு அந்தப் பேச்சே இல்லை.

இதனால் சேகரிப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. விளம்பரமும் பாட்டுப் புத்தகமும்தான் அது இருந்ததைச் சொல்கின்றன. கோட்டையூரில் போர்டு எழுதும் கடை வைத்திருந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும்கூடச் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழக முயற்சியால் 1994இல் அது நூலகமானது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை அரசு வாங்கிக்கொண்டது. இந்த உழைப்பு இல்லாவிட்டால் பேசுவதற்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆவணக் காப்பகம் எல்லோருக்கும் கதவு திறக்கும். ஏலம் அதிகம் கேட்டவருக்கு மட்டும் திறக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். ஆனாலும் காப்பகத்திடமும் நமக்குக் கேள்வி உண்டு. காகிதமாக மிஞ்சியது மட்டும்தான் வரலாறா?

இரண்டு முகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நந்தனார் கதையைத் தமிழில் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தேவாரம் பாடிப் புகழ்பெற்ற தண்டபாணி தேசிகர் நந்தனார். இந்தப் பறையர் வேஷத்துக்கு விளம்பரம் உண்டு, படங்கள் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில், 1928 என்றும் 1930 என்றும் சொல்லப்படுகிற ஆண்டில், ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ திரையிடப்பட்டது. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி புலையர் வீட்டுப் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திரையில் கல்லெறிந்தார்கள், அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். படமும் அழிந்துவிட்டது. இது ரோசிதான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு புகைப்படம்கூட இல்லை. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரைப் போட்டபோதும் ஓவியமாகத்தான் போட வேண்டியிருந்தது.

தலித் வேஷம் போட்டவரின் முகம் பத்திரமாக இருக்கிறது. மேல்சாதி வேஷம் போட்ட தலித்தின் முகம் இல்லை. ஏலக்காரர் மொழியில் ‘அரிய பொருள்’ என்றால் ஒன்றிரண்டு மிஞ்சியது. ரோசியின் முகத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இல்லாததற்கு விலை கேட்க முடியாது. எனவே ஏலத்தின் வரலாற்றில் ரோசிக்கு இடமே கிடையாது. ‘மதுரை வீரன்’ (1956) போஸ்டர் கிடைத்தால் நல்ல விலை போகலாம். அந்தப் படம் நம் சாமியை ராஜா வீட்டுப் பிள்ளையாகவும் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவனாகவும் மாற்றிச் சொன்னதைப் போஸ்டரின் விலை சொல்லாது. அதைச் சொல்ல விமர்சனம் வேண்டும், நம் ஆட்கள் வேண்டும்.

ஆகவே நமக்கு வேறு விதமான சேகரிப்பு தேவைப்படுகிறது. காப்பகங்களின் விவர அட்டையில் படம், ஆண்டு, நடிகர், இயக்குநர், அளவு, நிலை என்று கட்டங்கள் இருக்கின்றன. வரைந்தவர், அச்சடித்த ஊர், ஒட்டிய ஊர், ஒட்டியவர் என்று இன்னும் நான்கு கட்டங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். சிவகாசியில் அச்சுக்கூடத்தில் காகிதம் தள்ளியவர்கள் இருக்கிறார்கள். கொட்டகையில் மணல் கொட்டியவர்கள் இருக்கிறார்கள். பெட்டி தூக்கியவர்கள், ஆட்டம் விட்டதும் பெருக்கியவர்கள் இருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் இவர்கள் பேச்சைப் பதிவு செய்ய லட்சம் வேண்டாம். ஒரு செல்போன் போதும். ஸ்லிப் ஒட்டிய கிழிந்த போஸ்டர் யார் வீட்டுப் பரணில் கிடந்தாலும் எடைக்குப் போடாதீர்கள், வெட்டிச் சுத்தம் பண்ணாதீர்கள். அந்தக் கறையோடு வையுங்கள்.

பெரியப்பா மாதிரி ஆட்களின் வெந்த விரல்களுக்கு ஏலத்தில் விலை வராது, வரவும் வேண்டாம். அவர்கள் பெயர் எழுதப்பட வேண்டும். ரோசிக்கு நேர்ந்தது இன்னொரு முறை நேராமல் பார்த்துக்கொள்ள நம் கையில் இருப்பது இந்த ஒரு வேலைதான்.