கறுப்பு ஒன்றல்ல

கறுப்பு வெள்ளைப் படமென்றால் கறுப்பு மையால் அச்சிடுவதுதானே என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணமே நமது பழைய படங்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

வாப்பாவின் 1960களின் ஸ்டூடியோப் படமொன்றைப் பெரிதாக்கக் கடைக்குக் கொண்டுபோனேன். "நாநா, கறுப்பு கறுப்புத்தானே, இதில என்ன யோசிக்க இரிக்கி?" என்றார் கடைத் தம்பி. வீட்டு டியூப் லைட்டில் வாப்பாவின் கன்னம் பச்சை. வாசல் வெயிலில் அதே கன்னம் ஊதா. "இது உங்கட வாப்பாட முகம் இல்லயே" என்றார் உம்மா.

தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. சாதாரண இங்க்ஜெட் பிரின்டர் சாம்பல் நிறத்தைச் சயன், மஜென்டா, மஞ்சள் மைகளைக் கலந்தே உண்டாக்குகிறது. ஒளி மாறினால் கலவையின் சமநிலையும் மாறிவிடும். தனிக் கறுப்பை மட்டும் பாவித்தால் நிறப்பிழை போகும். ஆனால் வெளிர் இடங்களில் கறுப்புப் புள்ளிகள் தூவிக் கிடக்கும். இதற்காகத்தான் 2005இல் வந்த எப்சன் அல்ட்ராகுரோம் கே3 தொகுதியில் கறுப்போடு இரு சாம்பல் மைகளும் சேர்ந்தன. ஜோன் கோனின் பியசோகிராபி நிற மைகளை விலக்கி, கரியை அடிப்படையாகக் கொண்ட பல படிச் சாம்பல்களை வைத்தது. கரி எளிதில் வெளிறாது. இயல்பிலேயே சற்றுப் பழுப்புச் சாயலுடையது. தாளும் முக்கியம்: மினுங்கும் தாளுக்கு போட்டோ பிளாக், பருத்தித் தாளுக்கு மெட் பிளாக். பருத்தித் தாளில் போட்டோ பிளாக் போட்டால் கறுப்பு சாம்பலாய்ச் சோர்ந்துவிடும்.

ஆகவே சாயலைத் தெரிவதும் ஒரு வாசிப்புத்தான். லயனல் வென்டை (1900–1944) எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நெகட்டிவ்கள் அவர் மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை அவர் காலத்து அச்சுகளும், 1950இல் லண்டனில் வெளியான நூலும்தான். எனவே ஒவ்வொரு மறு அச்சும் ஓர் ஊகம். 'பழைய படம்' என்று செப்பியாவை ஊற்றினால், சோலரைசேஷனும் படக்கலவையும் செய்து பார்த்த நவீனர் ஒரு ஞாபகச் சின்னமாகிவிடுகிறார். நீலக் குளிர்ச்சி கொடுத்தால் வெயில்பட்ட தோல் உயிரிழக்கிறது. இருட்டறையில் செப்பியா என்பது வெள்ளியை வெள்ளி சல்பைடாக்கிப் படத்தை நிலைக்கச் செய்த வேலை. இன்றோ அது ஒரு பட்டன்.

ஏட்டுப் பிரதியைப் பதிப்பிப்பவர் பாடபேதம் காட்டாவிட்டால் நாம் சும்மா விடுவதில்லை. படத்தொகுப்பு வெளியிடுவோரை மட்டும் ஏன் கேட்பதில்லை? எந்த மூலப்படம், எந்த மை, எந்தத் தாள் என்று ஒரு வரி போதும்.

வாப்பாவின் படத்தை மீண்டும் அச்சிட்டேன், சாம்பல் மைகளில், பழுப்பைச் சற்றே கூட்டி. பின்பக்கத்தில் அந்த ஒரு வரியையும் எழுதி வைத்திருக்கிறேன்.